முதலில் எந்த உதவி? சிறப்புக் குழந்தையை வளர்ப்பவர்களின் களைப்புக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

சிறப்புக் குழந்தை உள்ள வீட்டில் அம்மா ஓய்ந்துபோயிருக்கிறார் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை வரும். ‘ஒரு கவுன்சலரைப் பாருங்கள்’ என்பார் ஒருவர். ‘பெற்றோர் குழுவில் சேருங்கள், மனசு லேசாகும்’ என்பார் இன்னொருவர். தெரபிஸ்ட் பெற்றோர் பயிற்சி வகுப்பைச் சொல்வார். பிள்ளையை ரெண்டு நாள் யாரிடமாவது விட்டுவிட்டு முதலில் தூங்கு என்பது வீட்டுப் பெரியவர்களின் பேச்சு. இதில் தப்பான யோசனை என்று எதுவும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வதற்கு நேரமும் பணமும் தெம்பும் சேர்ந்து இருக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே எதை முதலில் எடுப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். களைத்தவரிடம் மேலும் நேரம் கேட்கிற உதவிக்கு முன்னால், அவருக்கு நேரம் கொடுக்கிற உதவி வர வேண்டும். இதற்கு விலக்கு இரண்டு. சோர்வு நோயாகவே முற்றிவிட்டிருந்தால் மருத்துவர் முதலில். குழந்தையின் நடத்தைதான் வீட்டையே ஆட்டிப்படைக்கிறது என்றால் பயிற்சி முதலில். ஏன் அப்படி என்பதைத்தான் மீதிக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

குறைபாடு எவ்வளவு கடுமையோ அவ்வளவு பெற்றோர் வாடுவார்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். ஆய்வுகளில் தெரிவது வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் 468 பேரை வைத்து பர்மிந்தர் ரெய்னாவும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. வளர்ப்பவரின் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் வலுவாகப் பின்னிக் கிடந்தவை குழந்தையின் நடத்தை, அன்றாடப் பராமரிப்பு வேலையின் பளு, குடும்பத்துக்குள் இருக்கும் ஒத்துழைப்பு ஆகிய மூன்றும். அமெரிக்காவில் ப்ரூஸ் பேக்கர் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தபோதும் இதே கதைதான். வளர்ச்சி பின்தங்கியிருப்பதைக் காட்டிலும் அடம், அடி, அலறல் போன்ற நடத்தைச் சிக்கல்களே பெற்றோரின் மன உளைச்சலோடு நெருக்கமாக இருந்தன. நடத்தை மோசமாக ஆக உளைச்சல் ஏறுகிறது, உளைச்சல் ஏற ஏற நடத்தையும் மோசமாகிறது என்ற சுழலையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

பிரிட்டனில் எரிக் எமர்சனும் குழுவினரும் 2006-இல் சொன்னது இன்னும் சங்கடமானது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம் மகிழ்ச்சி குறைந்திருக்கும் அபாயம் அதிகமாக இருந்தது உண்மை. அந்தக் கூடுதல் அபாயம் முழுவதையும் வீட்டின் பொருளாதார நிலை, கூட இருக்கும் துணை, உடல்நலம் போன்றவையே விளக்கிவிட்டன. குழந்தையால்தான் இந்தக் கஷ்டம் என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டின் வரவு செலவையும் கொஞ்சம் பார்க்கலாம். வாடகை கட்ட முடியாதவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

எனவே எந்த உதவியையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வாரம் ஒரு சின்னக் குறிப்பேடு போடுவது பயன்தரும். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், குழந்தையை எத்தனை முறை தூக்கினீர்கள், எத்தனை முறை பெரிய ரகளை நடந்தது, குழந்தையைத் தவிர வேறு விஷயம் பற்றி யாரிடமாவது பேசினீர்களா, தெரபிக்காகப் பயணத்தில் எவ்வளவு நேரம் போனது. இவ்வளவு போதும். பராமரிப்புச் சுமையை அளக்கப் பெரிய கேள்வித்தாள்களும் இருக்கின்றன. ஸ்டீவன் ஸாரிட் 1980-இல் உருவாக்கி இன்று 22 கேள்விகளோடு புழங்கும் அளவுகோல் அதில் பிரபலமானது. ஆனால் அது முதலில் மறதி நோயுள்ள முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதப்பட்டது. மதிப்பெண் எவ்வளவு என்று அது சொல்லும், ராத்திரியா முதுகா ரகளையா என்று பிரித்துச் சொல்லாது. முடிவெடுக்க உதவுவது குறிப்பேடுதான்.

முதல் விலக்கு: மனச்சோர்வு

2019-இல் நாதன் ஷெரரும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் 31 சதவீதம் பேரிடம் மிதமான அல்லது அதற்கும் மேற்பட்ட மனச்சோர்வு காணப்பட்டது. மற்றப் பெற்றோரிடம் அது 7 சதவீதம். அதாவது பத்தில் மூன்று பேர். ஏழு பேருக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சிறப்புக் குழந்தையின் அம்மா என்றாலே நோயாளி என்றாகிவிடும்.

அந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவரா என்று தெரிந்துகொள்ள பி.எச்.க்யூ-9 என்ற இலவசக் கேள்வித்தாள் பல மொழிகளில் கிடைக்கிறது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. அது ‘நானும் இவனும் சேர்ந்தே போய்விடலாம்’ என்று திரும்பினால் கவலையின் எல்லையைத் தாண்டிவிட்டது. அங்கே இந்த ஒப்பீட்டுக்கு வேலையில்லை. மருத்துவ உதவி உடனே தேவை, மருந்தும் தேவைப்படலாம்.

மனச்சோர்வோடு பயிற்சி வகுப்புக்குப் போகிறவர் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் செய்ய முடியாமல், ‘இதுகூட என்னால் ஆகவில்லை’ என்று இன்னும் குற்ற உணர்ச்சியோடு திரும்புவார். அதனால்தான் இது முதல் வரிசை.

கை மாற்ற ஓர் ஆள்: ஓய்வுப் பராமரிப்பு

குழந்தையைச் சிறிது நேரம் இன்னொருவர் பொறுப்பேற்றுக்கொள்வதை ஓய்வுப் பராமரிப்பு என்கிறார்கள். பழகிய ஒருவர் வீட்டுக்கு வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்வது, குழந்தை இன்னொரு குடும்பத்தில் ஓர் இரவு தங்குவது, பயிற்சி பெற்ற ஊழியர்கள் உள்ள மையத்தில் விடுவது என்று பல வகை. பெரும்பாலான வீடுகளில் இது பாட்டியோ சித்தியோதான்.

இதன் பலன் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் 101 தம்பதிகளைக் கேட்டார்கள். வாரத்துக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் கூடக் கூட, கணவன் மனைவி உறவின் தரமும் கூடியிருந்தது, உளைச்சல் குறைந்திருந்தது. ஓய்வு கொடுத்தவர்களில் தாத்தா பாட்டிகளே முன்னால் நின்றார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபித்த ஆய்வு அல்ல. உதவ ஆள் இருக்கிற குடும்பம் வேறு வகைகளிலும் கொடுத்துவைத்ததாக இருக்கலாம். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு ஓய்வு, மறுபாதிக்கு இல்லை என்று குலுக்கிப்போட்டுப் பார்க்கும் சோதனைகள் இந்தத் துறையில் குறைவு. ஆனாலும் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் மனிதருக்கு நல்லது என்பதற்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் 2011 முதல் நடைமுறையில் உள்ள ஒரு விதித்தொகுப்பு, குறைபாடுள்ள குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு இடைவேளை தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ‘இனி முடியாது’ என்று விழப்போகிறவருக்கு மட்டும் அந்த உதவி என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. படிக்க, பயிற்சி பெற, பொழுதுபோக்க, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க, வீட்டு வேலையை முடிக்க நேரம் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பகல், இரவு, மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் குறிப்பிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் 28-ஆம் பிரிவில், வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அரசு உதவ வேண்டியவற்றில் பயிற்சி, ஆலோசனை, நிதி உதவியோடு ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கேட்பது சலுகை என்று கூச்சப்படுபவர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

குறை என்ன? யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் இது கிடைப்பது கடினம். வலிப்பு வரும் குழந்தை, குழாய் வழியாக உணவு ஏற்றும் குழந்தை, அடித்துக்கொள்ளும் குழந்தை என்றதும் மையங்களும் உறவினரும் பின்வாங்குவார்கள். அடுத்தது நம்பிக்கை. பேசத் தெரியாத பிள்ளையை அன்னியரிடம் விடும் பயம் நியாயமானது. அதை ‘நீ ரொம்பக் கவலைப்படுகிறாய்’ என்று ஒதுக்கக் கூடாது. மூன்றாவது, பலன் நீடிப்பதில்லை. திரும்பி வந்த மறுநாளே பழைய பாரம் தோளில் ஏறிவிடும். இதனால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் என்பதை விட வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் மேல் என்று நினைக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆள் வரும் என்று தெரிந்திருப்பதே திங்கட்கிழமையைக் கடக்க உதவும்.

அந்த மூன்று மணி நேரத்தில் பாத்திரம் துலக்கித் துணி மடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

பொறுப்பை ஏற்பவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைத்தால் பயம் பாதி குறையும். மருந்தும் நேரமும், எந்த நிலையில் உட்காரவைத்து ஊட்ட வேண்டும், ‘வேண்டாம்’ என்பதைக் குழந்தை எப்படிக் காட்டும், எதற்குப் பயப்படும், எது சமாதானப்படுத்தும். வலிப்பு உள்ள குழந்தை என்றால் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும், உங்கள் மருத்துவர் தனியாகச் சொன்னது இருந்தால் அதையும் மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

பயிற்சி: மெதுவாக வேலை செய்யும், ஆனால் வேரில் வேலை செய்யும்

பெற்றோர் பயிற்சி என்றதும் ‘பிள்ளை வளர்க்க எங்களுக்குத் தெரியாதா’ என்று கோபம் வருவது சகஜம். விஷயம் அதுவல்ல. ரகளை செய்யும் குழந்தை அதன் மூலம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் 1985-இல் காட்டியது இதுதான். நடத்தை எதற்காக என்று கண்டுபிடித்து, அதே பலனைத் தரும் ஒரு சொல்லையோ சைகையையோ கற்றுக்கொடுத்தால் ரகளை குறைகிறது. ‘கஷ்டமா இருக்கு, உதவி’ என்று காட்டத் தெரிந்த குழந்தை மேசையைத் தள்ளிவிட வேண்டிய தேவை குறையும்.

இந்த அறிவை ஒழுங்காகக் கொடுக்கும் திட்டங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி ஒன்று. 2 முதல் 9 வயது வரை வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது. 9 குழு வகுப்புகள், 3 வீட்டுச் சந்திப்புகள். சிறப்பு மருத்துவர்கள் இல்லாத இடங்களிலும் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் நடத்தக்கூடிய விதத்தில் வடிவமைக்கப்பட்டது, வளர்ப்பவரின் சொந்த நலனும் பாடத்தில் உண்டு. இணையவழியிலும் அந்தப் பயிற்சி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் திட்டமும் இதே நோக்கம் கொண்டது, பல ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது.

பேக்கர் குழுவினர் காட்டிய சுழலை நினைவில் கொண்டால் பயிற்சி ஏன் பலம் வாய்ந்தது என்று புரியும். ரகளை குறைந்தால் வெளியே போகலாம், உறவினர் பார்த்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள், அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வது குறையும். ஓய்வுப் பராமரிப்பு கிடைப்பதே எளிதாகிவிடும். ஆகவேதான் நடத்தைச் சிக்கலை இரண்டாவது விலக்காக வைத்தேன்.

ஆனால் விலை உண்டு. வகுப்புக்குப் போக நேரம், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஆள், வீட்டில் பழகிப் பார்க்கப் பொறுமை. பழைய ரகளைக்குப் பலன் கிடைக்காதபோது குழந்தை அதை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். முதல் சில வாரங்கள் நிலைமை மோசமானது போலவே தெரியும், பலர் விட்டுவிடுவது அங்கேதான். இதை முன்கூட்டியே சொல்லாத பயிற்சியாளரை நான் நம்ப மாட்டேன். இன்னொரு ஆபத்து, அம்மாவைச் சம்பளமில்லாத தெரபிஸ்ட்டாக மாற்றிவிடுவது. ‘தினமும் ஒரு மணி நேரம் இதைச் செய்யுங்கள்’ என்று நான்கு பேர் நான்கு தாள் கொடுத்தால் அம்மாவாக இருக்க நேரம் எங்கே? நடத்தைச் சிக்கலே இல்லாத, ஆனால் இரவு முழுக்கப் புரட்டிப் போட வேண்டிய குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த வழியால் பெரிய பயன் இல்லை.

குழு

1971-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஒரு சின்ன முயற்சி தொடங்கியது. புதிதாகக் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோரை, அதே பாதையில் ஏற்கெனவே நடந்த இன்னொரு பெற்றோரோடு சேர்த்துவைத்தார்கள். ‘பெற்றோருக்குப் பெற்றோர்’ என்ற இயக்கமாக அது நாடெங்கும் பரவியது. ஜார்ஜ் சிங்கர் தலைமையில் 1999-இல் வெளியான மதிப்பீட்டில், பங்கெடுத்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உதவியாக இருந்தது என்றார்கள். தொழில்முறை ஆலோசகர் எவராலும் தர முடியாத ஒன்று இதில் உண்டு: விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்ளப்படுவது. எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், எந்தக் காலணி சீக்கிரம் தேய்கிறது என்பதெல்லாம் கூடுதல் லாபம்.

செலவு குறைவு, உடனே தொடங்கலாம். ஆனால் குழு என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘என் பையன் நாலு வயதில் பேசிவிட்டான்’ என்ற ஒரே வரி ஒருவரை ஒரு வாரம் படுக்கவைக்கும். அற்புத மருந்து விற்பவர்கள் மோப்பம் பிடித்து வருவது இத்தகைய குழுக்களுக்குத்தான். ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இன்னொருவரின் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது தூக்கத்தைத் தின்னும். நோயின் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்க்காமல், குழந்தையின் வயதும் அன்றாடச் சிக்கலும் ஒத்திருப்பவர்களைத் தேடுவது நல்லது. பெரிய குழுவை விட ஒரே ஒரு பொருத்தமான ஆள் போதும். குழுவிலிருந்து வந்த பிறகு மனம் இலகுவாக இருக்கிறதா, கனத்திருக்கிறதா என்று சில முறை கவனித்தால் நீடிப்பதா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

ஆலோசனையும் மனப்பயிற்சியும்

இதில் மிக நல்ல சான்று உள்ள ஆய்வு, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைகன்ஸ் குழு 2014-இல் வெளியிட்டது. ஆட்டிசம் உட்படக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேர். பாதிப்பேருக்கு மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சிலும் அந்தந்தக் கணத்திலும் கவனத்தை நிறுத்தும்) பயிற்சி, மீதிப்பேருக்கு நேர்மறை உளவியல் சார்ந்த பயிற்சி. வாரம் ஒருமுறை, 6 வாரம். இரண்டு குழுக்களிலும் உளைச்சலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. மைண்ட்ஃபுல்னெஸ் பெற்றவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, தூக்கம் ஆகியவற்றில் கூடுதல் முன்னேற்றம். வகுப்பை நடத்தியவர்கள் உளவியலாளர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சக தாய்மார்கள். இந்த ஒரு விவரத்துக்காகவே இந்த ஆய்வை எனக்குப் பிடிக்கும்.

6 வாரம் என்பது தாங்கக்கூடிய செலவு. ஆலோசனைக்கு இன்னொரு பயன், துக்கத்தையும் நோயையும் பிரித்தறிவது. சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962-இலேயே எழுதினார்: அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோரிடம் காலமெல்லாம் வந்து வந்து போகும் துயரம் இயல்பானது, அதைக் கோளாறு என்று பார்க்கக் கூடாது. ‘இன்னும் நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஆலோசகரிடமிருந்து விலகிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளில் கண் கலங்குவது ஏற்றுக்கொள்ளாமை ஆகாது.

இந்த வழியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குழந்தையைத் தூக்க ஆளில்லை, தூங்க நேரமில்லை, வீட்டில் ஒருவர்தான் எல்லாம் செய்கிறார். இந்த நிலைமையை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ளும் கலையை மட்டும் கற்றுக்கொடுப்பது குடும்பத்தின் மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. 2007-இல் சிங்கர் குழு 17 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நடத்தைப் பயிற்சியும் மனப்பயிற்சியும் சேர்ந்த திட்டங்கள் ஒன்றை மட்டும் தந்தவற்றை விட அதிகப் பலன் தந்தன. ஆலோசனை இன்னொன்றோடு சேரும்போதுதான் முழு வலிமை பெறுகிறது.

யாரும் பட்டியலில் போடாத வழி: வேலையைக் குறைப்பது

புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் இருப்பதில் எதை எடுத்துவிடலாம் என்று பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் இதற்கு விளம்பரம் கிடையாது.

முதலில் இரவு. நரம்பு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளில் தூக்கப் பிரச்சினை மிகப் பரவலானது, பல வீடுகளில் ‘இவன் அப்படித்தான்’ என்று விடப்பட்டது. பிரிட்டனில் 146 குழந்தைகளிடம் நடந்த மெலட்டோனின் (தூக்கத்துக்கான ஹார்மோன் மருந்து) சோதனை 2012-இல் வெளியானது. படுத்ததிலிருந்து தூங்கும் வரை ஆகும் நேரம் கணிசமாகக் குறைந்தது, ஆனால் மொத்தத் தூக்கம் சராசரியாக 22 நிமிடம்தான் கூடியது. சீக்கிரம் தூங்கியவர்கள் சீக்கிரம் விழித்தும் கொண்டார்கள். அதாவது மணிக்கணக்கில் படுக்கையில் போராடும் வீட்டுக்கு உதவும், விடிகாலை நான்கு மணிக்கு எழுந்துவிடும் குழந்தைக்கு உதவாது. மருத்துவரிடம் கேட்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். வலி, வயிற்றெரிச்சல், மலச்சிக்கல், மூச்சுத் தடை, வலிப்பு ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். மருந்துக்கு முன்னால் ஒரு எளிய ஏற்பாடு, இரவை இரண்டு ஷிப்டாகப் பிரிப்பது. ஒருவர் இரண்டு மணி வரை, மற்றவர் அதன் பின். ஒருவர் எட்டு மணி நேரமும் அரைத்தூக்கத்தில் கிடப்பதை விட இருவருக்கும் ஆளுக்கு ஐந்து மணி முழுத்தூக்கம் எவ்வளவோ மேல்.

அடுத்து முதுகு. நடக்க முடியாத குழந்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வராத அம்மா அரிது. குளியல் நாற்காலி, சரியான அளவில் சக்கர நாற்காலி, உயரம் மாற்றக்கூடிய கட்டில், தூக்கும் கருவி ஆகியவற்றை ‘பிள்ளை பெரியவனானதும் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். முதுகு போன பிறகு அவை வரும். எப்படித் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்வது எந்த மனப்பயிற்சியையும் விட முந்த வேண்டிய வீடுகள் பல.

மூன்றாவது தெரபி அட்டவணை. நான்கு தெரபிஸ்ட்டுகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘நீங்கள் சொன்னவற்றில் ஒன்றை மட்டும்தான் என்னால் செய்ய முடியும் என்றால் எதைச் செய்ய?’ நல்ல தெரபிஸ்ட் யோசித்துப் பதில் சொல்வார், குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் செய்யக்கூடியதாக மாற்றித் தருவார். ‘எல்லாமே முக்கியம்’ என்பவர் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

இதன் குறை, வீட்டுக்குள் பேச்சுவார்த்தை தேவைப்படுவது. அப்பா இரவு ஷிப்டுக்குச் சம்மதிக்க வேண்டும். பராமரிப்பு முழுக்க ஒருவர், முடிவுகள் முழுக்க இன்னொருவர் என்று இருக்கிற வீட்டில் இதுதான் மிகக் கடினமான வழி. அங்கே குறிப்பேட்டை மேசையில் வைத்துப் பேசுவது உதவும். ‘எனக்கு முடியவில்லை’ என்பதற்கு வராத பதில், ‘இந்த வாரம் முப்பது தடவை இரவில் எழுந்தேன்’ என்பதற்கு வருவதுண்டு.

வேலையை விட்டுவிடுவதும் பளுவைக் குறைக்கும் வழியாகவே பேசப்படுகிறது. நேரம் கிடைக்கும், உண்மை. ஆனால் வருமானமும் குழந்தையைத் தவிர்த்த ஓர் உலகமும் ஒரேயடியாகப் போகும், எமர்சன் குழு காட்டிய பொருளாதாரக் காரணம் அப்போது உள்ளே நுழையும். விடுப்பு, பகுதி நேரம், நேரம் மாற்றிக்கொள்வது ஆகியவற்றைக் கேட்டுப்பார்த்துவிட்டுக் கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

வளர்ப்பவரிடம் கேட்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் பயிற்சிதான் அதிகம் கேட்கிறது, ஆலோசனை அடுத்து. குழு நீங்கள் கொடுக்கிற அளவு எடுத்துக்கொள்ளும். ஓய்வுப் பராமரிப்பும் பளு குறைப்பும் மட்டுமே நேரத்தைத் திருப்பித் தருகின்றன. பலன் தெரியும் வேகத்தில் ஓய்வு அன்றைக்கே, பளு குறைப்பும் ஆலோசனையும் சில வாரங்களில், பயிற்சி சில மாதங்களில். நிலைத்து நிற்பதில் வரிசை தலைகீழ். பயிற்சியில் கற்றது வருடக்கணக்கில் கூட வரும், ஓய்வு மறுநாள் தீர்ந்துவிடும். வெளியார் தயவு அதிகம் தேவைப்படுவது ஓய்வுப் பராமரிப்புக்கு, வீட்டார் தயவு அதிகம் தேவைப்படுவது பளு குறைப்புக்கு.

இதை வைத்து நான் சொல்லும் வரிசை வீட்டுக்கு வீடு மாறும். இரவில் பலமுறை எழுகிற, உடம்பு நொந்த வீடு என்றால் பளு குறைப்பு, கூடவே வாராந்தர ஓய்வு. மற்றவை பிறகு. அடி, கடி, ஓட்டம் என்று வீடே பயந்துகிடந்தால் பயிற்சி, ஆனால் வகுப்பு நேரத்துக்குக் குழந்தையைப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்த பிறகே. குறைபாடு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆன பெற்றோருக்கு வகுப்பும் கவுன்சலிங்கும் அவசரமில்லை. அதே பாதையில் முன்னால் போகும் ஒரு பெற்றோரைத் தேடிப் பேசுவது போதும். எல்லாம் ஓரளவு ஓடுகிறது, ஆனால் மனசு மட்டும் எப்போதும் பதறிக்கொண்டே இருக்கிறது என்றால் 6 வார மனப்பயிற்சி நல்ல தேர்வு. தனி ஆளாக வளர்ப்பவருக்கு, களைப்பின் ஊற்று எதுவாக இருந்தாலும் முதலில் ஓய்வுப் பராமரிப்புதான், ஏனென்றால் அவருக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.

தேர்ந்தெடுத்த வழியை ஆறு முதல் எட்டு வாரம் பின்பற்றிவிட்டு அதே குறிப்பேட்டை இன்னொரு வாரம் போட்டுப் பாருங்கள். எண்கள் அசையவில்லை என்றால் வழியை மாற்றுங்கள், உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பயிற்சிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்.

குழந்தை வளர்ந்து பதின்வயதை நெருங்கும்போது இந்த வரிசை மறுபடி மாறும். எடை கூடுகிறது, பூப்பு வருகிறது, பள்ளி முடியப்போகிறது, பாட்டிக்கு வயதாகிறது. அதுவரை ஒரு கையால் சமாளித்த ரகளைக்கு இரண்டு பெரியவர்கள் தேவைப்படும். தூக்கும் கருவிக்கும் இரவுத் தங்கல் இடத்துக்கும் காத்திருப்போர் வரிசை நீளமாக இருப்பது வழக்கம் என்பதால், தேவை வருவதற்கு ஒரு வருடம் முன்னதாகவே பெயரைப் பதிந்துவைப்பது நல்லது.